மசக்கைக்கு ஷிப்ட் கிடையாது

கர்நாடக எல்லையிலுள்ள ஜுஜுவாடி சோதனைச்சாவடியைத் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களும், அங்கிருந்து ஓசூருக்கு வருகிறவர்களுமாகச் சேர்ந்த பெண்கள் நாங்கள். வாட்ச் பூட்டுகிறோம். பாலிஹவுஸில் ரோஜா வெட்டுகிறோம். கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் டப்பாவில் அடைக்கிறோம். மசக்கைக்காரி மாங்காய்க்கு ஏங்குவாள் என்பவர்கள் சீசனில் ஒரு நாள் அந்த வாசனைக்குள் நின்று பார்க்கட்டும்.

எங்களில் தமிழ்க்காரி மசக்கை என்கிறாள், தெலுங்குக்காரி வேவிள்ளு என்கிறாள், கன்னடத்துக்காரி ஆசையையும் சேர்த்துப் பயகெ என்கிறாள். மூன்றில் எதைச் சொல்லும்போதும் எங்களுக்குக் காலை ஞாபகம் வருவதில்லை. 'மார்னிங் சிக்னஸ்' என்ற இங்கிலீஷ் பெயர்தான் காலையைச் சொல்லிக்கொண்டு வருகிறது. அதனால்தான் செகண்ட் ஷிப்டில் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவளிடம், "அது காலையிலதானம்மா வரும்?" என்று கேட்க முடிகிறது.

ஆகவே முதலில் இதை அறிவிக்கிறோம்: மசக்கைக்கு ஷிப்ட் கிடையாது. பத்துக் கர்ப்பிணிகளில் ஏழெட்டுப் பேருக்குக் குமட்டல் வரும். அது எந்த நேரமும் வரும். ஆறாவது வாரம் வாக்கில் தொடங்கும், பெரும்பாலோருக்கு 16 முதல் 20 வாரத்துக்குள் தணியும். "மூணு மாசம் பல்லைக் கடிச்சுக்கோ" என்ற கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. பிரசவம்வரை விடாதவர்களும் உண்டு.

இது நடிப்புமல்ல, மனசின் கோளாறுமல்ல. மார்லீனா ஃபெய்சோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1999-இல் கடும் வாந்தியால் தன் கருவையே இழந்தவர். அவர் மிகைப்படுத்துவதாகத்தான் அன்றைய மருத்துவர் நினைத்தார். அவரும் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களும் 2023 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் காரணத்தை எழுதினார்கள். கருவும் நஞ்சுக்கொடியும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. கர்ப்பத்துக்கு முன் அது உடம்பில் குறைவாக இருந்தவளுக்குத் திடீர் ஏற்றம் தாங்காது.

வாந்தியை வைத்து ஆணா பெண்ணா என்று குறி சொல்வதை எங்கள் வீடுகளில் அனுமதிக்க மாட்டோம். வேறு ஊரில் அது விளையாட்டுப் பேச்சாக இருக்கலாம். எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 வரை தர்மபுரியோடு இருந்தது. பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தர்மபுரிக்கும் வந்தது. இங்கே அந்தக் குறி விளையாட்டல்ல. வாந்தியே வராதவளிடம் கரு நிற்கவில்லை என்று பயம் காட்டுவதும் வேண்டாம்.

மாத்திரையே கூடாது என்ற பயத்துக்குக் காரணம் உண்டு. கர்ப்பிணிகளின் குமட்டலுக்குத் தந்த தாலிடோமைடு, பிள்ளைகளின் கைகால்களைப் பறித்து, 1961-இல் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் பைரிடாக்சினும் டாக்ஸிலமைனும் பல பத்தாண்டுகளாக மருத்துவர்கள் எழுதித் தருபவை. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்காமல், சிறுநீர் குறைந்து கருமஞ்சளாகப் போனால், அது பொறுத்துக்கொள்ளும் கட்டமல்ல. 104 மருத்துவ உதவி எண்ணைக் கூப்பிட்டுக் கேட்பது அதற்கு முன்பே. அந்த நிலையில் நேரே ஆஸ்பத்திரி, டிரிப்ஸ்.

கர்ப்பத்தால் வரும் நோய்க்குச் சம்பளத்தோடு ஒரு மாதம் வரை கூடுதல் விடுப்பை 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டமே எழுதிவைத்தது. கான்ட்ராக்டில் இருப்பவள் அதைக் கேட்பதில்லை. தெரிந்தால் அடுத்த மாதம் கூப்பிட மாட்டார்களோ என்று வயிற்றையே மறைக்கிறாள். அவளுக்காகவும் கேட்கிறோம்: லைனில் ஒரு நாற்காலி, அனுமதிச் சீட்டில்லாமல் கழிவறை, கேன்டீன் தாளிப்பு வாசனை எட்டாத ஒரு மூலை, பையில் ஒரு பிடி பொரி கொண்டுபோனால் கேட்டில் பிடுங்காத செக்யூரிட்டி.

இப்படித் தொடங்கும் எங்கள் இயக்கத்துக்குப் பெயர் வைக்கவில்லை. பிறக்கும் முன்னே பெயர் சூட்டுவது எங்கள் வழக்கமில்லை. நாளை முதல் கம்பெனி பஸ்ஸில் ஒரு ஜன்னலோர சீட்டைக் காலியாக விடுகிறோம். அதில் வந்து உட்காருகிறவளை எத்தனை மாசம் என்று கேட்க மாட்டோம்.