கதை கடல் தாண்டட்டும், கேள்வி நம்முடையதாகட்டும்

வெளிநாட்டுப் படத்தைத் தழுவித் தமிழில் எடுத்தால் 'காப்பி' என்று ஒதுக்கிவிடுகிறோம். கதை எங்கிருந்தும் வரட்டும். இங்கு வந்து அது என்ன கேட்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

குரோசாவா 1950-இல் எடுத்த ஜப்பானியப் படம் 'ராஷோமோன்'. ஒரு சாமுராயின் சாவை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்வார்கள். உண்மை தெரியாமலே போகும். அதன் தூண்டுதலில் எஸ். பாலச்சந்தர் இயக்கி, ஏவி.எம். 1954-இல் வெளியிட்டது 'அந்த நாள்'. பாட்டே இல்லாத படம். காடு சென்னையாயிற்று, காலம் 1943 அக்டோபரில் ஜப்பான் அங்கு குண்டு போட்ட நாளாயிற்று. செத்தவன், நாட்டைக் காட்டிக்கொடுத்த ரேடியோ இன்ஜினியர். கொன்றவர் யார் என்பதோடு, படித்தவன் ஏன் துரோகியானான் என்றும் படம் கேட்டது.

அக்கதை அந்தமானுக்கு வந்தால்? 1942 மார்ச் முதல் 1945 வரை இங்கே ஆண்டதே ஜப்பான் ராணுவம்தான். ஒற்றர்கள் என்று பழி சுமத்தி, 1944 ஜனவரி 30 அன்று ஹம்ஃப்ரேகஞ்சில் 44 பேரைச் சுட்டுக் கொன்றது. சென்னையில் 'துரோகி யார்?' என்ற கேள்வி, இங்கே 'துரோகி என்று சொன்னது யார்? சாட்சி எங்கே?' என்றாகிவிடும்.

பிழைக்க வந்த இடத்தில் எது காணாமல் போனாலும் முதலில் சந்தேகிக்கப்படும் நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

நம் இளைஞர்கள் தழுவி நாடகம் போடட்டும். அதற்குமுன் இத்தீவின் முதியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளட்டும். சாட்சிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், தோழர்களே!