வன்னிக்குப் போன நம்மவர்களை யார் எண்ணினார்கள்?



கடந்த இதழில் காஸா பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தோம். அதற்குப் பிறகு கூடிய தோட்டக் கமிட்டியில் ஒரு தலைவர் எழுந்து, "சம்பளக் கதையே முடியாமக் கிடக்கு. எங்கயோ நடக்கிற சண்டை நம்ம பேப்பர்ல எதுக்கு வாத்தியார்?" என்று கேட்டார். பலர் தலையாட்டினார்கள். சந்தா கட்டுகிறவர் கேட்கும் கேள்வி, நியாயமானது. இருட்டிவிட்டதால் அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறோம்.

நம் பாட்டிமார் இன்னும் "பஞ்ச காலம்" என்று சொல்வது 1973, 1974ஆம் ஆண்டுகளை. லயங்களில் பலாக்கொட்டையையும் காட்டுக்கீரையையும் அவித்துத் தின்று நாள் கழித்தார்கள். 1974இல் தோட்டங்களில் மரணங்கள் சடுதியாகக் கூடின. அந்த ஆண்டுகளில்தான் பிரித்தானியாவின் கிரனாடா தொலைக்காட்சிக்காரர்கள் கமராவோடு வந்து லயக் காம்பராக்களுக்குள் நுழைந்து படம் பிடித்துப் போனார்கள். நம் தேயிலையைக் குடிக்கிற சனம் அதைப் பார்த்தது. வெள்ளைக்காரக் கம்பனிகள் தங்கள் நாட்டிலேயே பதில் சொல்ல வேண்டி வந்தது. அதனால் நம் பசி தீர்ந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அது நடக்கவில்லை என்று யாராலும் மறைக்க முடியாமல் போனது.

அதற்கும் முன்னால் 1920களில், வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் குற்றம் என்றிருந்த நாளில், கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போய்ப் பார்த்தார். "தேசநேசன்" நடத்திய பத்திரிகையாளர் அவர். தொழிற்சங்கம் கட்டியது அதற்குப் பிறகுதான். ஆகவே, மூடிய கேற்றுக்குள் போய்ப் பார்த்து வந்து எழுதுவது என்ற வேலை நமக்குப் புதிதல்ல.

இனி வன்னிக்கு வருவோம். 1977லும் 1983லும் அடி வாங்கி, மலையிலிருந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் குடிபெயர்ந்த நம்மவர்கள் எத்தனை ஆயிரம்! நமது பெரியம்மா குடும்பமும் அப்படிப் போனதுதான். அங்கே காடு வெட்டினார்கள், மற்றவர் வயலில் கூலிக்கு நின்றார்கள். "தோட்டக்காட்டான்" என்ற சொல்லை அங்கேயும் கேட்டார்கள், அதையும் மறைக்க வேண்டியதில்லை. கடைசி யுத்தம் வந்தபோது ஓடுவதற்கு வேறு ஊர் இல்லாத சனம் அது.

2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் சபையும் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேற வேண்டுமென்று அரசாங்கம் அறிவித்தது. சுயாதீனமான பத்திரிகையாளர் எவருக்கும் உள்ளே போக அனுமதியில்லை. 2009இன் தொடக்கத்தில் உள்ளே இருப்பவர்கள் சுமார் 70,000 பேர் என்று அரசாங்கம் சொன்னது. யுத்தம் முடிந்தபோது மெனிக்பாம் முதலான முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் மட்டும் 2,80,000க்கு மேல். இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எடை மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது இரண்டு கிலோ குறைத்தாலே நாம் சண்டைக்கு நிற்கிறோம். இங்கே இரண்டு இலட்சம் பேரைக் குறைத்திருக்கிறார்கள். சாப்பாடும் மருந்தும் எவ்வளவு அனுப்புவது என்பது அந்தக் கணக்கைப் பொறுத்தது. பங்கர் பக்கத்தில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற பிள்ளைக்கு அந்த எண்ணின் அர்த்தம் தெரிந்திருக்கும்.

உள்ளே இருந்த வைத்தியர்கள் சிலர் தொலைபேசியில் வெளியுலகுக்குச் சொன்னார்கள். யுத்தம் முடிந்ததும் அவர்களைப் பிடித்து வைத்து, தாங்கள் சொன்னது மிகை என்று ஊடகங்களுக்கு முன்னால் சொல்ல வைத்தார்கள். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். புலிகள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனதையும், தப்பி ஓடிய சனத்தைச் சுட்டதையும் அவர்களுடைய பகுதியில் இருந்துகொண்டு எழுத யாருக்கும் இடமிருக்கவில்லை. இரண்டு துப்பாக்கிக்கும் பயப்படாமல் எழுத ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் சுயாதீன ஊடகம் என்கிறோம்.

அப்படி எழுதியவர்களுக்கு நம் நாட்டில் என்ன நடந்தது? யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19ஆம் திகதி வீட்டிலேயே கொல்லப்பட்டார். பி.பி.சி. சிங்கள சேவையான "சந்தேசய"வுக்கும் செய்தி கொடுத்தவர் அவர். வடக்கின் துயரத்தைச் சிங்களச் சனத்தின் காதில் போட்டவர். மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன் 2004இல். தராக்கி சிவராம் 2005இல். கொழும்பில் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8ஆம் திகதி, பட்டப்பகலில், வீதியில். வெளிநாட்டுக்காரர்களும் விலை கொடுத்தார்கள். வன்னிக்குள் போய்த் திரும்பிய மேரி கொல்வின் 2001இல் இங்கே ஒரு கண்ணை இழந்தார், 2012இல் சிரியாவின் ஹொம்ஸ் நகரில் உயிரையே இழந்தார். காஸாவுக்குள்ளும் 2023 ஒக்டோபருக்குப் பிறகு வெளிநாட்டு நிருபர்களைச் சுயாதீனமாகப் போக இஸ்ரேல் விடவில்லை. அங்கே எழுதுபவர்கள் அந்த மண்ணின் பிள்ளைகள், தாங்களும் இடம்பெயர்ந்து, தாங்களும் பசித்து, செத்துக்கொண்டே எழுதுகிறார்கள். கூட்டத்தில் கேள்வி கேட்ட தலைவருக்கு நாம் காஸாவைக் காட்டியது இதற்காகத்தான். கேற்றை மூடும் முறை எங்கும் ஒன்றுதான்.

போனில் வருவதெல்லாம் செய்தியல்ல என்பதையும் சொல்லிவிடுகிறோம். பழைய யுத்தத்தின் படத்தைப் புதிய யுத்தத்தின் படம் என்று அனுப்புகிறார்கள், வகுப்பில் பிள்ளைகள் அதைக் காட்டி அழுகிறார்கள். எழுதியவர் அங்கே போனாரா, எண்ணிக்கையை யார் எண்ணினார், தன் பக்கத்தின் தவறையும் சொல்கிறாரா என்று பார்த்துவிட்டு மற்றவருக்கு அனுப்புங்கள்.

கடைசியாக ஒரு வேலை. வன்னியில் செத்தவர்கள், காணாமல் போனவர்கள் பற்றிப் பல பட்டியல்கள் உண்டு. அதில் நம் மலையகத்துச் சனம் எத்தனை என்று தனியாக எண்ணியதாக நாம் காணவில்லை. பெரியம்மாவின் மூத்த மகனை 2009 ஏப்ரலில் புதுமாத்தளனில் கண்டவர்கள் இருக்கிறார்கள், அதற்குப் பிறகு தகவல் இல்லை. இப்படி ஒவ்வொரு லயத்திலும் ஒரு கதை இருக்கும்.

வரும் சம்பள நாளிலிருந்து ஒவ்வொரு தோட்டத் தலைவரிடமும் ஒரு கொப்பி இருக்கும். பெயர், எந்தத் தோட்டத்திலிருந்து எந்த வருடம் போனார்கள், வன்னியில் எந்த ஊர், கடைசியாகக் கண்டது எங்கே, கண்டவர் யார் என்று எழுதிக் கொடுங்கள். உங்கள் விருப்பமில்லாமல் எந்தப் பெயரையும் பத்திரிகையில் போடமாட்டோம். எழுதத் தெரியாத வயதானவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பாடசாலையில் நாமே எழுதித் தருகிறோம். தெரியாத விபரத்தை ஊகித்து நிரப்ப வேண்டாம், அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள்.