கடை அடைக்கும் நேரமும் நெஞ்செரிச்சலும்

நமது இதழில் ஜி.எஸ்.டி., எடை முத்திரை, உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் என்றுதான் வழக்கமாக எழுதுகிறோம். இம்முறை வயிற்றைப் பற்றி எழுத ஆசிரியரிடம் இடம் கேட்டு வாங்கினேன். காரணம் உண்டு.

தேனாம்பேட்டையில் வத்தல், மல்லி, பருப்பு மொத்த வியாபாரம் செய்கிற எனக்கு 2 வருடமாக வறட்டு இருமல், தொண்டைக் கம்மல். வத்தல் நெடிதான் காரணம் என்று நினைத்தேன். குடோனில் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டேன். மூட்டை பிரிக்கும்போது மூக்கில் துண்டைக் கட்டினேன். இருமல் நிற்கவில்லை. நடுராத்திரியில் புளித்த தண்ணீர் வாய்க்கு வந்து எழுந்து உட்கார்ந்த நாட்களும் உண்டு. டாக்டர் நெடியைப் பற்றிக் கேட்கவே இல்லை. “ஐயா, ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க, எத்தனை மணிக்குப் படுப்பீங்க?” என்றுதான் கேட்டார். பத்தரைக்கு ஷட்டர், பதினொன்றே காலுக்குச் சாப்பாடு, பதினொன்றரைக்குப் படுக்கை என்றேன். எண்டோஸ்கோப்பியில் பார்த்தால் உணவுக்குழாயின் அடிப்பாகம் புண்ணாகி இருந்தது.

அவர் விளக்கியதை நமக்குப் பழகிய விதத்தில் சொல்கிறேன். நாம் விற்கும் பாத்ரூம் ஆசிட்டில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரைப்பை சுரப்பதும் அதே அமிலம்தான். இரைப்பையின் உட்சுவருக்குக் காரம் கலந்த கோழைப் பூச்சு இருக்கிறது, அதனால் தாங்குகிறது. உணவுக்குழாய்க்கு அந்தப் பூச்சு கிடையாது. இரண்டுக்கும் நடுவில் வளையம் போன்ற தசை வால்வாக நிற்கிறது. விழுங்கும்போது திறந்து, பிறகு மூடிக்கொள்ள வேண்டும். வயிறு முட்டச் சாப்பிட்டால் இரைப்பை விரிந்து, அந்த வால்வு அடிக்கடி நெகிழ்ந்து கொடுக்கிறது. நிமிர்ந்து இருக்கும்போது மேலே வந்த அமிலம் தானே கீழே இறங்கும். விழுங்கும் எச்சில் மீதியைக் கழுவிவிடும். தூக்கத்திலோ எச்சில் மிகவும் குறைவு, விழுங்குவதும் அபூர்வம். மட்டமாகப் படுத்த உடம்பில் அமிலம் குழாயிலேயே தங்குகிறது. உட்தோலின் செல்களுக்கு இடையே கசிந்து நரம்பு முனையைத் தொடுவதுதான் எரிச்சல். நாளடைவில் தோல் அரித்துப் புண்ணாகும். புண் ஆறி ஆறித் தழும்பேறினால் குழாய் சுருங்கிச் சோறு அடைக்கும். சிலருக்குப் பல வருடத்தில் அந்தத் தோலே குடலின் தோல் போல மாறிவிடுகிறது. இதற்கு பாரெட் உணவுக்குழாய் என்று பெயர். அவர்களில் மிகச் சிலருக்கு அது புற்றுநோய் வரை போகலாம். என்னைப் போல அமிலம் தொண்டை வரை ஏறுகிறவர்களுக்கு எரிச்சலே இல்லாமல் இருமலும் கம்மலும் மட்டும் வரும்.

நம் தொழிலே இதற்கு வழி செய்து கொடுக்கிறது. சாப்பிட்ட கையோடு குனிந்து அரிசி அள்ளுகிறோம், மூட்டை தூக்குகிறோம். கல்லாவில் உட்கார்ந்து வளர்த்த தொந்தியின் மேல் வேட்டியை இறுக்கி பெல்ட் போடுகிறோம். போதாததற்குப் புகையிலை. இவற்றையெல்லாம் விடக் கெடுதல் கடை நேரம். 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019ல் அரசு ஆணை வந்தது. 2022ல் மேலும் 3 ஆண்டுக்கு நீட்டித்தார்கள். ஆணை பெரிய கடைகளுக்கு. அதைப் பார்த்து, இரண்டு பையன்களை வைத்திருக்கும் நாமும் ஷட்டரை இறக்கத் தயங்குகிறோம்.

எரிச்சல் வந்தால் என்ன செய்கிறோம்? கடை வாசலில் சரமாகத் தொங்கும் ஈனோ பாக்கெட்டில் ஒன்றைக் கிழித்துக் கலக்கிக் குடிக்கிறோம். அதில் சோடா உப்பு இருக்கிறது. அமிலத்தை உடனே முறிக்கும், உண்மைதான். ஆனால் வாயு கிளம்பி வயிறு மறுபடி உப்புகிறது. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதிலுள்ள சோடியம் நல்லதல்ல. தினமும் கிழிக்கிறவர் நோயை மூடி வைக்கிறார். மாத்திரையும் இப்படித்தான். ஒமிப்ரசோல் வகையைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போட வேண்டும். நம்மவர்கள் ஏப்பம் வந்த பிறகு போடுகிறார்கள். பலர் பழகிய ரானிடிடின், கலப்பில் சந்தேகம் எழுந்ததால் 2020ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. 2022ல் நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டது. எதுவானாலும் டாக்டரைக் கேட்டுப் போடுங்கள்.

இன்னொன்று. என் பழைய வாடிக்கையாளர் ஒருவர், மளிகைக் கடைக்காரர், நெஞ்சு வலியைக் ‘கேஸ்’ என்று சொல்லி கோலி சோடா குடித்துக்கொண்டு கல்லாவிலேயே உட்கார்ந்திருந்தார். மாரடைப்பு. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், மூச்சு வாங்கினால் 108ஐக் கூப்பிடுங்கள், சோடா வேண்டாம். விழுங்கும்போது அடைத்தாலும், உடம்பு இளைத்தாலும், மலம் கறுப்பாகப் போனாலும் தள்ளிப் போடாமல் எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டும்.

ஒன்பதிலிருந்து பத்தரை வரைதான் ஆபீஸ் விட்டு வருகிறவர்களின் வியாபாரம், அதை விட முடியுமா என்று கேட்பீர்கள். நியாயம், என்னாலும் முடியவில்லை. அதனால் சாப்பாட்டைக் கடைக்கு வரவழைத்தேன். எட்டு மணிக்கு வீட்டிலிருந்து கேரியர் வந்துவிடும். நானும் பையன்களும் மாற்றி மாற்றிச் சாப்பிடுகிறோம். படுக்கப் போகும்போது சாப்பிட்டு 3 மணி நேரமாவது ஆகியிருக்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தி, இடது பக்கம் சாய்ந்து படுக்கிறேன். டாக்டர் எழுதிய மாத்திரையும் சாப்பிட்டேன். மூன்றாம் மாதம் இருமல் நின்றது. எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதுவும் நல்லதுதான்.

எட்டு மணிக்கு அரை மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை, முதலாளிக்கும் பையனுக்கும் சேர்த்து, நமது பகுதிக் கடைகள் எல்லாவற்றிலும் விட வேண்டும் என்று அடுத்த பொதுக்குழுவுக்குத் தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த நேரத்தில் கூட்டம் தாங்காது என்கிறவர்கள் தங்கள் யோசனையைச் செயலாளரிடம் எழுதித் தரலாம்.