தொலைத்தது கம்பெனி, தண்டம் தொழிலாளிக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சிப் பொருத்திய இ-பாஸ்போர்ட் 2025 மார்ச்சில் சென்னைக்கும் வந்துவிட்டது. சந்தோஷம். ஆனால் வெளிநாட்டில் பாஸ்போர்ட் காணாமல் போய், விசா புதுப்பிக்க முடியாமல் தவிக்கிற தொழிலாளிக்கு அந்தச் சிப்பால் காசுக்குப் பிரயோஜனமில்லை.

என் மைத்துனன் அமீரகத்தில் ஏ.சி. மெக்கானிக். அங்கே கம்பெனி விசா இரண்டு வருடத்துக்கு. விசா அடித்த கையோடு பாஸ்போர்ட்டை கம்பெனி பி.ஆர்.ஓ. வாங்கி வைத்துக்கொள்வார். தொழிலாளியின் ஆவணங்களை முதலாளி பிடித்து வைக்கக் கூடாது என்று அந்நாட்டின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமே சொல்கிறது. சட்டம் அது பாட்டுக்கு இருக்கிறது. பாஸ்போர்ட் கம்பெனி பீரோவில்தான் இருந்தது. ஆபீஸை இடம் மாற்றியபோது ஒரு கட்டு பாஸ்போர்ட் எங்கேயோ போய்விட்டது. விசா முடிகிற சமயத்தில்தான் அதையும் சொன்னார்கள்.

அங்குள்ள போலீஸில் தொலைந்ததற்குச் சான்று வாங்கக் கம்பெனி லெட்டர் வேண்டும். ‘நீயே தொலைத்ததாக எழுதிக் கொடு, லெட்டர் தருகிறோம்’ என்றது கம்பெனி. எழுதிக் கொடுத்தான். புதுப் பாஸ்போர்ட்டுக்கான விண்ணப்பத்தோடு, எங்கே, எப்படித் தொலைந்தது என்று உறுதிமொழியும் தர வேண்டும். போலீஸுக்குச் சொன்னதையே அதிலும் சொல்லியாக வேண்டிய நிலை. 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. அரசாங்கச் சொத்தை ஒரு தனியார் கம்பெனி கட்டுக்கட்டாகப் பூட்டி வைத்துத் தொலைக்கிறது. அதைத் தட்டிக் கேட்க ஆளில்லை. கேள்வியெல்லாம், அதைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாதவனிடம்.

விண்ணப்பம் வாங்கிய இடத்தில் மரியாதையாகத்தான் பேசினார்களாம். ‘ஊரிலிருந்து போலீஸ் ரிப்போர்ட் வரட்டும்’ என்றார்கள். அது சுலபமா? இங்கே விசாரணைக்கு வந்த ஏட்டு திண்ணையில் உட்கார்ந்து, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் சாட்சி என்று வரிசையாகக் கேட்டார். எல்லாம் கொடுத்தோம். கடைசியில், “மனுதாரர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்” என்றார். “பாஸ்போர்ட்டே இல்லாதவன் எப்படிங்கய்யா வருவான்?” என்று கேட்டார் என் மாமியார். “அது எனக்குத் தெரியாதும்மா, பாரத்துல அப்படித்தான் இருக்கு” என்று ஃபைலை மூடிவிட்டார். வீடியோ காலில் பையனைக் காட்டினோம். அதைப் பார்த்துவிட்டு, ‘நல்லா இருக்கியாப்பா’ என்று விசாரித்தார். கையெழுத்துப் பிரச்சினை அப்படியே நின்றது. இத்தனைக்கும், முதல் பாஸ்போர்ட் எடுத்தபோது இதே ஸ்டேஷன்தான் விசாரித்து அனுப்பியது. அவனுடைய போட்டோ, கைரேகை, முகவரி எல்லாம் அரசாங்கத்தின் கம்ப்யூட்டரில் கிடக்கின்றன.

இந்த இழுபறியில் விசா காலாவதியாகிவிட்டது. சலுகை நாட்கள் கழிந்தபின் அங்கே ஒவ்வொரு நாளும் 50 திர்ஹம் அபராதம், நம் காசுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல். அதைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வோம் என்கிறது கம்பெனி.

‘அவசரமென்றால் எமர்ஜென்சி சர்டிஃபிகேட் வாங்கி ஊருக்கு வரலாமே’ என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. அது ஒரு வழிப் பயணத்துக்கான காகிதம். வாங்கினால் வேலையை விட்டுவிட்டு வர வேண்டியதுதான். ஏஜென்டுக்குக் கட்டிய வட்டிக் கடனை யார் அடைப்பது? ஆளைத் திருப்பி அனுப்பும் காகிதத்தில் இருக்கிற வேகம், அவனை வேலையில் நிலைக்க வைக்கும் காகிதத்தில் ஏன் இல்லை?

புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். குறுகிய கால பாஸ்போர்ட் தர, பாஸ்போர்ட் சட்டத்தின் 7-ஆவது பிரிவே இடம் கொடுக்கிறது. பழைய பதிவோடு கைரேகையும் முகமும் ஒத்துப்போனால் ஒரு வருடத்துக்கு உடனே கொடுத்துவிடலாம். அமீரகத்தில் விசா புதுப்பிக்க ஆறு மாத ஆயுள் மிச்சமிருந்தால் போதும். ஊர் விசாரணையைப் பிறகு நிதானமாக முடித்துக்கொள்ளட்டும். முதலில் பாஸ்போர்ட், அப்புறம் விசாரணை என்பது தத்கலில் பழகிப்போன நடைமுறைதானே? நாலு காசு கூடக் கட்டுகிறவனை நம்புகிற அரசாங்கம், பாலைவன வெயிலில் மாடி மாடியாக ஏறி ஏ.சி. மாட்டுகிறவனை நம்பினால் என்ன?

இன்னொன்று. பாஸ்போர்ட் கம்பெனி வசம் இருந்து தொலைந்தது என்று பயமில்லாமல் எழுதுவதற்கு அந்த உறுதிமொழிப் படிவத்தில் தனியாக ஒரு கட்டம் வேண்டும். அப்படி எழுதுகிறவனைக் கம்பெனி பழிவாங்காமல் தூதரகம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே கம்பெனியின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அந்தக் கம்பெனிக்கு இந்தியாவிலிருந்து ஆள் எடுக்க அனுமதி தரக் கூடாது.

இதற்கு வெளியுறவு அமைச்சகத்தின் பதில் என்னவென்று தங்கள் பத்திரிகை கேட்டு வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அறந்தாங்கி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.