ஆய்வுகூடத்துக்குப் பூட்டு, டியூசன் ஹோலுக்கு வரிசை



உயர்தரப் பெறுபேறு வந்த மறுநாள் ஊரில் பேனர் ஏறும். மூன்று ஏ எடுத்த பிள்ளையின் படம், பக்கத்தில் டியூசன் சேரின் படம். சந்தோஷம்தான். ஆனால் பௌதிகவியலில் எஸ் எடுக்கவே திணறிய பிள்ளைக்கும், எஃப் எடுத்து வீட்டில் முடங்கிய பிள்ளைக்கும் யார் பேனர் அடிப்பது? அவர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நீளம்தான். பெற்றோரும் பழைய மாணவர்களும் பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் பொறுமையாக வாசியுங்கள்.

"பாடம் கஷ்டம், நம் பிள்ளைகளுக்கு ஏறாது" என்று ஒரு கதை இருக்கிறது. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பார்த்து, தொட்டு, அளந்து படிக்க வேண்டிய பாடத்தை நாம் மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அதுதான் நோய்.

வினாத்தாளையே எடுங்கள். முதலாம் வினாத்தாள் 2 மணித்தியாலம், 50 பல்தேர்வு வினாக்கள். இரண்டாம் வினாத்தாளில் 4 அமைப்புக் கட்டுரை வினாக்கள், நான்கும் கட்டாயம். அங்கே செய்முறைக் கேள்விகள் நிறையவே வரும். எந்த உபகரணம், ஏன் அது, எந்த அளவீட்டை முதலில் எடுப்பாய், வழுவை எப்படிக் குறைப்பாய் என்று கேட்பார்கள்.

எளிய ஊசலைப் பாருங்கள். ஒரு மீற்றர் நூலில் ஆடும் ஊசல் ஓர் அலைவுக்குச் சுமார் 2 செக்கன் எடுக்கும். கடிகாரத்தை அமர்த்தும்போது 0.1 செக்கன் பிசகினால் அது 5 வீத வழு. 25 அலைவுகளுக்கு நேரம் எடுத்தால் மொத்தம் 50 செக்கன். அதே பிசகு இப்போது வெறும் 0.2 வீதம். ஏன் நடுநிலையைக் கடக்கும்போது எண்ணத் தொடங்குகிறோம்? குண்டு அங்கேதான் அதிக வேகத்தில் போகிறது, கடக்கும் கணத்தைத் திட்டமாகப் பிடிக்கலாம். ஒரு தடவை கையால் செய்த பிள்ளை இதைச் சாகும்வரை மறக்காது. டியூட்டில் பாடமாக்கிய பிள்ளை "வழுவைக் குறைப்பதற்காக" என்று எழுதிவிட்டு, "எவ்வளவு குறையும்?" என்ற அடுத்த கேள்வியில் நின்றுவிடும்.

இதற்கு என்ன செலவு? ஒரு நூல், ஒரு இரும்பு நட், கையிலுள்ள போன். பரிவுக் குழாய்க்கு ஒரு துண்டு பிவிசி பைப், ஒரு வாளி தண்ணீர், ஒரு இசைக்கவை போதும். 512 ஹேட்ஸ் கவையை வாயில் பிடித்துக் குழாயை மெல்ல உயர்த்தினால், வளி நிரல் சுமார் 16 சென்ரிமீற்றர் வரும்போது சத்தம் திடீரென்று எழும். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிள்ளைக்குப் பரிவு என்றால் என்னவென்று வரைவிலக்கணம் தேவையில்லை.

ஆனால் எத்தனை பாடசாலைகளில் ஆய்வுகூடம் பூட்டியே கிடக்கிறது? உடைந்தால் பொருட்கணக்கெடுப்பில் யார் பதில் சொல்வது என்ற பயம். அலுமாரிக்குள் துருப்பிடித்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள், பிள்ளையின் கையில் உடைந்தால் விசாரணை. இது என்ன நியாயம்?

"பேப்பர் கிளாஸ் போனால்தான் இசட் புள்ளி ஏறும்" என்பார்கள். இசட் புள்ளி என்ன? ஒரு பாடத்தில் உன் புள்ளி, எல்லோருடைய சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை நியம விலகலால் வகுத்து வருவது. நாடு முழுக்க ஒரே மாதிரி டியூட்டைப் பாடமாக்கினால் சராசரியும் கூடவே ஏறும், உனக்கு இலாபமில்லை. டியூட்டில் வராத வினாதான் பிள்ளைகளைப் பிரிக்கிறது. அதை விளங்கிப் படித்தவன்தான் தொடுவான்.

டியூசன் ஹராம் என்று நான் சொல்லவில்லை. தேவைப்பட்ட பிள்ளை போகட்டும். ஆனால் சாதாரண தரம் எழுதி முடித்த கையோடு தியரி, பிறகு ரிவிஷன், பிறகு பேப்பர், தரம் 13 வந்தால் பாடசாலைக்கே வராமல் ஹோலில் நூற்றுக்கணக்கானோருக்கு நடுவே குந்தியிருப்பது படிப்பா? காசுள்ள வாப்பாவின் பிள்ளை தப்பிக்கும். மீன் வியாபாரியின் மகளும், உம்மா வெளிநாட்டில் உழைக்கும் மகனும் எங்கே போவார்கள்? 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியை நம் கையாலேயே காசுக்கு விற்கிறோம்.

என் சக ஆசிரியர்கள் கோபித்தாலும் சொல்வேன். காலையில் பாடவேளையில் கதிரையில் இருந்துவிட்டு, மாலையில் அதே அலகை அதே பிள்ளைக்குக் காசுக்கு விளக்குவது தொழில் அல்ல, அமானித மோசடி. ஆசிரியர் வெற்றிடம் உண்மைதான். வலயக் கல்வி அலுவலகத்தைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் இருக்கிற ஆசிரியர் ஒழுங்காகப் படிப்பிப்பதை அந்த வெற்றிடமா தடுக்கிறது?

மேடைகளில் இப்னுல் ஹைதமைப் பற்றிப் பெருமை பேசுகிறோம். இருட்டறையில் துவாரத்தால் ஒளியை விட்டுச் சோதித்துப் பார்த்தவர் அவர். அவர் பெயரைச் சொல்லிவிட்டு நம் பிள்ளைகளின் இருட்டறைக்குப் பூட்டுப் போடுகிறோம்.

கேட்பது மூன்றுதான். தரம் 12இல் வாரத்துக்கு ஒரு இரட்டைப் பாடவேளை செய்முறைக்கு மட்டும். உடைவதை ஈடுசெய்யப் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் ஒரு சிறு நிதி. பாடசாலை நேரத்தில் ஊருக்குள் எந்த டியூசனும் இல்லை என்று பள்ளிவாசலும் டியூசன் நடத்துவோரும் கூடி எடுக்கும் ஒரு முடிவு. பேனர் காசிலேயே முதலிரண்டையும் தொடங்கிவிடலாம்.

இன்று இரவு உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள்: "ஊசலுக்கு ஏன் 25 அலைவு எண்ணுகிறீர்கள்?" "சேர் அப்படித்தான் எழுதச் சொன்னார்" என்று பதில் வந்தால், அடுத்த சங்கக் கூட்டத்துக்குக் கட்டாயம் வாருங்கள். ஆய்வுகூடச் சாவி யாரிடம் இருக்கிறது என்று எழும்பிக் கேளுங்கள்.