டம்ளருக்கு வாய் எங்கே?



'உனக்குப் பிடித்த படம் வரை' என்று சொன்னால் நம்மில் முக்கால்வாசிப் பேர் என்ன வரைவோம்? இரண்டு மலை, நடுவே பாதிச் சூரியன், அங்கிருந்து இறங்கும் ஓர் ஆறு, கரையில் குடிசை, ஒரு தென்னை மரம், வானத்தில் 'டிக்' அடித்த மாதிரி நான்கு பறவை. தஞ்சாவூர்ப் பக்கம், கண்ணுக்கெட்டிய தூரம் வயலைத் தவிர வேறொன்றும் இல்லாத ஊரில் நான் பாடம் நடத்தியபோதும் பிள்ளைகள் இதைத்தான் வரைந்தார்கள். மலையை அவர்களில் பலர் பார்த்ததே கிடையாது!

இந்த வாரம் மலை வேண்டாம். அடுப்படிக்குப் போய் ஓர் எவர்சில்வர் டம்ளர் எடுத்து வாருங்கள். ஒரு தாள், ஒரு பென்சில் போதும். ரப்பரை டப்பாவிலேயே வைத்துவிடுங்கள். தப்பான கோடு அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் சரியான கோட்டைப் போடலாம்.

டம்ளரைத் தரையில் வைத்து, நின்றபடி பாருங்கள். வாய் ஏறக்குறைய வட்டமாகத் தெரியும். உள்ளே அடிப்பாகமும் தெரியும். அதையே மேசை மேல் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். வட்டம் நசுங்கி நீள்வட்டமாகிவிடும். இப்போது மெதுவாகக் குனியுங்கள். நீள்வட்டம் மெலிந்துகொண்டே வரும். விளிம்பு உங்கள் கண்ணுக்கு நேராக வந்ததும் வாயே காணாமல் போய், ஒரு நேர்கோடு மட்டும் மிஞ்சும். டம்ளர் மாறவில்லை, உங்கள் கண்ணின் உயரம்தான் மாறியது.

இது எனக்கே தெரியாமல் நான் வாத்தியாராக இருந்தேன். 1988-ஆம் வருடம், மூன்றாம் வகுப்பு. முக்காலியில் டம்ளரை வைத்துவிட்டு, எப்படி வரைவது என்று கரும்பலகையிலும் போட்டுக் காட்டினேன். பிள்ளைகள் எல்லோரும் தரையில் உட்கார்ந்து வரைந்தார்கள். நாற்பது சிலேட்டில் முப்பத்தொன்பதில் என் டம்ளர். ஒரு பையன் மட்டும் மேலே ஒரு நேர்கோடு இழுத்து முடித்திருந்தான்.

"டம்ளருக்கு வாய் எங்கேடா? தண்ணி எது வழியா ஊத்துவே?" என்றேன். வகுப்பே சிரித்தது.

"இங்கேர்ந்து அப்படித்தான் சார் தெரியுது" என்றான், தலையைக் குனிந்துகொண்டு. நான் சிலேட்டை அழித்து, வாயோடு வரையச் சொன்னேன்.

சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு, உருண்டு போன சாக்பீஸை எடுக்கத் தரையில் உட்கார்ந்தேன். எதிரே முக்காலி. அதன் மேல் டம்ளர். மேலே ஒரு நேர்கோடு! முப்பத்தொன்பது பேர் கரும்பலகையைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். அவன் ஒருவன்தான் டம்ளரைப் பார்த்து வரைந்திருக்கிறான். மறுநாள் வகுப்பில், "அவன் வரைந்ததுதான் சரி, நான் சொன்னது தப்பு" என்று சொன்னேன். சொல்லி என்ன பயன்? அந்த வருடம் முழுவதும் அவன் கரும்பலகையைப் பார்த்தே வரைந்தான்.

சரி, பென்சிலை எடுங்கள். கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் டம்ளரின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். உயரம் அதைப்போல் எத்தனை மடங்கு என்று பாருங்கள். தாளில் நடுக்கோடு ஒன்று மெல்லிதாகப் போட்டு, அதற்கு இரு பக்கமும் சமமாக வரையுங்கள். வாயின் நீள்வட்டத்துக்கு முனைகள் நெல்மணி மாதிரி கூராக இருக்கக் கூடாது, வளைந்து திரும்ப வேண்டும். தாளில் போடும் முன் காற்றில் நாலு தடவை கையைச் சுழற்றிப் பாருங்கள்; தானாக வரும். பெரும்பாலோர் சறுக்குவது அடியில்தான். 'தரையில் உட்கார்ந்திருக்கிறதே' என்று அடியை நேர்கோடாகப் போட்டுவிடுவார்கள். மேலிருந்து பார்க்கும்போது அடியும் வளைவுதான். கண்ணிலிருந்து இன்னும் கீழே இருப்பதால், வாயைவிட அதற்கு வளைவு கொஞ்சம் கூடுதல். கடைசியாக விளிம்பின் மடிப்பு. அதற்கு இன்னொரு மெல்லிய கோடு போட்டால் எவர்சில்வர் டம்ளர் என்று தெரிந்துவிடும்.

அம்மா அப்பாவுக்கும் ஒரு வார்த்தை. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளை வாயை முழு வட்டமாகவே போட்டால் திருத்தாதீர்கள். அந்த வயதில் கண்ணுக்குத் தெரிவதை அல்ல, மனதுக்குத் தெரிந்ததைத்தான் வரைவார்கள். 1972-இல் ஃப்ரீமன், ஜானிகூன் என்ற இருவர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கைப்பிடி மறைந்திருக்கும்படி ஒரு கோப்பையைத் திருப்பி வைத்து, ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளை வரையச் சொன்னார்கள். சின்னவர்கள் தெரியாத கைப்பிடியையும் சேர்த்து வரைந்தார்கள். ஏறக்குறைய எட்டு வயதில்தான் அது நின்றது. ஆகவே அவசரம் வேண்டாம். ஆனால் கையைப் பிடித்து நீங்களே வரைந்து கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. இடப்பக்கம் அச்சிட்ட படம், வலப்பக்கம் காலி இடம் என்று விற்கிற ஓவியப் புத்தகங்களும் அப்படித்தான். அவை கைக்குப் பழக்கம் தரும், கண்ணுக்கு ஒன்றும் தராது. கைப்பேசியில் பார்த்துப் போடும் படமும் என் கணக்கில் இதே ரகம்தான்.

பிள்ளைகளே, ஒரே டம்ளரை மூன்று இடத்தில் வைத்து மூன்று படம் போடுங்கள்: தரையில், மேசையில், கண்ணுக்கு நேராக. தம்பியோ தங்கையோ இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்து அவர்களையும் போடச் சொல்லுங்கள். அவர்கள் உங்களைவிடக் குள்ளம், அதனால் அவர்கள் படம் உங்கள் படம் மாதிரி இருக்காது. சண்டை போடாமல், அவர்கள் உயரத்துக்குக் குனிந்து பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

முடிந்ததும் டம்ளரைக் கழுவி எடுத்த இடத்தில் வைத்துவிடுங்கள். காப்பி நேரத்தில் அம்மா தேடுவார்.