எழுதுற கை மட்டும் போதுமா?

1/ நெய்வேலி பெற்றோர்களே, இந்தத் த்ரெட் உங்களுக்குத்தான். "கையெழுத்து கோழி கிறுக்கல், பட்டன் போடத் தெரியல, எல்லாத்துலயும் சோம்பேறித்தனம்"னு மூணாவது, நாலாவது படிக்கிற பிள்ளையைத் திட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

2/ எழுதும்போது ஒரு கைதான் வேலை செய்யுதுன்னு நினைக்கிறோம். இன்னொரு கை நோட்டை அழுத்திப் பிடிக்கணும், வரி இறங்க இறங்க நகர்த்தணும். கத்தரிக்கோலில் வட்டம் வெட்டும்போது காகிதத்தைத் திருப்புவதும் அந்தக் கைதான்.

3/ இது படிப்படியாகத்தான் வரும். முதலில் இரண்டு கையும் ஒரே மாதிரி அசையும்: கைதட்டல். பிறகு மாறி மாறி. ஒரு கை பிடிக்க, மறுகை வேறு வேலை செய்வது கடைசியில்தான் கைகூடும்.

4/ மூளையின் இரு பாதிகளை இணைக்கும் கார்பஸ் கலோசத்தில் சுமார் 20 கோடி நரம்பிழைகள். அது முழுசா முதிர பதின்வயதும் தாண்டும். அதனால 6 வயசுல ஒரு கை விரலை மடக்கினா மறுகை விரலும் லேசா அசையறது சகஜம். 10 வயசுக்கு மேலயும் அது தூக்கலா இருந்தா மருத்துவரிடம் காட்டணும்.

5/ பள்ளி வயதில் 100-க்கு 5, 6 பேருக்கு 'வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் குறைபாடு' உண்டு. 40 பேர் வகுப்புன்னா சுமார் 2 பேர். அவங்க சோம்பேறி இல்லை, மந்தமும் இல்லை.

6/ 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் வளர்ச்சிக் குறைபாடுகளுக்கும் பரிசோதனை உண்டு. தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு? நாமதான் கவனிக்கணும்.

7/ தெரபியில் முக்கியமானது, வராத வேலையையே துண்டு துண்டாப் பிரிச்சுப் பழக்குறது. ஷூ லேஸ் வரலையா? லேஸையே கத்துக்கொடுங்க. வெறுமனே பந்தை அமுக்கச் சொன்னா லேஸ் கட்ட வந்துடாது.

8/ வீட்டில் வேர்க்கடலை உரிக்க, பூ கட்ட விடுங்க. பண்ருட்டி பலா சீசன்ல கையில எண்ணெய் தடவி சுளை எடுக்கச் சொல்லுங்க. டவுன்ஷிப்ல மர நிழலோட அகலமான ரோடு இருக்கு, சைக்கிள் ஓட்டட்டும். ஆண் பிள்ளை, பெண் பிள்ளைன்னு பிரிக்காதீங்க. இடது கைப் பழக்கத்தையும் மாத்தாதீங்க.

9/ ஏற்கெனவே செஞ்ச வேலை திடீர்னு வராமப் போனாலோ, ஒரு கையை ஒதுக்கினாலோ காத்திருக்காதீங்க. உடனே குழந்தைநல மருத்துவரைப் பாருங்க.

10/ என் கருத்து இதுதான்: கைவேலை, விளையாட்டு பீரியடைக் கணக்குக்குக் கடன் கொடுத்துட்டு, சாயங்காலம் கையெழுத்து டியூஷனுக்குக் காசு கட்டுறது வீண். அடுத்த பெற்றோர் கூட்டத்துல மார்க் பத்திக் கேக்குறதுக்கு முன்னாடி, போன வாரம் அந்த பீரியட்கள் உண்மையிலேயே நடந்துச்சான்னு கேளுங்க.